காவடிக்காரனுக்கு ஒரு ஊசி

என் தம்பி இரண்டு கன்னத்தையும் துளைத்து வேல் குத்திக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிறவன். முதுகு முழுக்கக் கொக்கி மாட்டி எலுமிச்சம்பழம் தொங்கவிட்டிருப்பான். ரத்தம் வராது. முகம் சுளிக்கமாட்டான். தைப்பூசத்தன்று வெள்ளைக்காரர்கள் அவனைப் படம் எடுப்பதற்காகப் பின்பக்கமாகவே நடந்து போய்ச் சாக்கடையில் கால் வைப்பார்கள். அப்படிப்பட்ட வீரன், கையில் போடுகிற ஒரு தடுப்பூசிக்கு என்னை வாரக்கணக்கில் அலையவிட்டான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் கோபம்தான் முதலில் வருகிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தீவில், ஜார்ஜ் டவுனில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். கத்துவது என் தொழிலில் பாதி. சீட்டில் உட்கார், கையை வெளியே நீட்டாதே, அவன் தலையில் ஏன் மைலோ ஊற்றினாய். மற்றவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் வாயை மூடிவிடுவார்களாம். எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. என் தம்பி அக்கரையில், பிறையில் இருக்கிறான், பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவனுக்கும் எனக்கும் இடையில் ஒரு கடலும் ஒரு பாலமும் இருப்பது அவனுடைய அதிர்ஷ்டம்.

தீபாவளி முடிந்த கையோடு ஜூருவுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தான். ரோட்டில் கிடந்த லாரி டயர் துண்டு. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. ஹேண்டில் வயிற்றில் குத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தால் மண்ணீரல் நசுங்கிப் போயிருந்தது. எடுத்துவிட்டார்கள்.

அவன் மனைவி ஐசியூ வாசலில் நின்று முருகனிடம் வேண்டிக்கொண்டாள். புருஷன் பிழைத்தால் இந்த வருஷமும் காவடி எடுப்பான் என்று. அவன் பிழைத்தான். நான் டாக்டருக்கு நன்றி சொன்னேன், அவள் முருகனுக்குச் சொன்னாள். ஆளுக்கொரு பக்கம் முடித்துக்கொண்டோம்.

மண்ணீரல் இல்லாமல் ஒருவன் சாப்பிடலாம், தூங்கலாம், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டலாம், எதிர்த்துப் பேசலாம். கடைசியாகச் சொன்னதைத் தொண்டைக் குழாயை எடுத்த அன்றே அவன் நிரூபித்தான். ஆனால் சில கிருமிகள் ரத்தத்தில் நுழைந்தால் அவற்றைப் பிடிக்க உடம்பில் சரியான ஆள் இல்லை. அதில் மோசமான ஒன்று மெனிஞ்சோகோக்கஸ். மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும், ரத்தத்தில் பரவும், காலையில் காய்ச்சல் என்று படுத்தவனை மறுநாள் எழுப்ப முடியாமல் செய்யும். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் சொன்னார்கள். மற்ற தடுப்பூசிகளை வார்டிலேயே போட்டாயிற்று, இது ஒன்று மட்டும் அப்போது கைவசம் இல்லை, வெளியே கிளினிக்கில் போட்டுக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். இனி வாழ்நாள் முழுக்கக் காய்ச்சல் வந்தால் வீட்டில் படுக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரி.

தம்பி தலையை ஆட்டினான். அவன் மனைவியும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அவள் செய்தது என்ன தெரியுமா? சுவரொட்டி வாங்கினாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். கறிக்கடையில் ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும். ரத்தம் ஊறும் என்று பிள்ளை பெற்றவர்களுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். இவள் பசாரில் கறிக்கடை பாயிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, அறுக்கிற ஆட்டின் சுவரொட்டி எல்லாம் தன் புருஷனுக்கே வரும்படி செய்துவிட்டாள். பிறையில் அந்த மாதம் பிள்ளை பெற்ற பெண்களெல்லாம் என்ன சாப்பிட்டார்களோ. மிளகு போட்டு வறுவல், குழம்பு, ஒருநாள் சூப்.

நான் போய்ப் பார்த்தபோது அவன் தட்டில் கறுப்பாக ஏதோ கிடந்தது.

"என்னாடா இது?"

"சுவரொட்டி அக்கா. போனதுக்குப் பதிலு."

"எது போனதுக்கு?"

"மண்ணீரல் போச்சுல்ல. மண்ணீரலே உள்ள போவுது. சரியாப் போச்சு."

நான் அவன் மனைவியைப் பார்த்தேன். அவள் கரண்டியோடு நின்றுகொண்டு, "ஈரலுக்கு ஈரல் அண்ணி. பாய் கூடச் சொன்னாரு, நல்லா வேலை செய்யும்னு" என்றாள்.

"பாய் விக்கிறவரு. வேற என்ன சொல்லுவாரு?"

"நீ எதுக்கெடுத்தாலும் கத்துற அக்கா" என்று தம்பி இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டான்.

ஊசி எப்போது என்று கேட்டேன். வயிற்றுத் தையல் இழுக்கிறது, பாலத்தில் வேன் குலுங்கும் என்றான். அடுத்த வாரம் கேட்டேன். மழை என்றான். பிறையிலிருந்து தீவுக்கு வர என் வேனில் கூரை இருக்கிறது என்று சொன்னேன். அதற்கடுத்த முறை ஒரு சனிக்கிழமை, ஜார்ஜ் டவுனில் ஒரு கிளினிக்கில் அந்த ஊசி இருக்கிறது என்று நானே விசாரித்து நேரம் வாங்கி வாசலில் போய் ஹாரன் அடித்தேன். வீட்டில் ஆள் இல்லை. கூட்டாளிகளோடு கடையில் தே தாரேக் டீ குடித்துக்கொண்டிருந்தான். பார்த்தால் மூன்று ஆண்கள், ஒரே சிகரெட். இவன் இழுத்து அவனிடம் கொடுக்க, அவன் இழுத்து இவனிடம் கொடுக்க. அந்தக் கிருமி ஆரோக்கியமானவன் தொண்டையிலும் சும்மா உட்கார்ந்திருக்கும், அவனை ஒன்றும் செய்யாமல் அவன் எச்சிலில் ஏறி அடுத்தவனிடம் போகும் என்று ஆஸ்பத்திரியில் அவ்வளவு சொல்லியிருந்தார்கள். நான் கடைக்குள் போய்ச் சிகரெட்டைப் பிடுங்கி இவன் கிளாஸுக்குள்ளேயே போட்டேன். கடைக்காரர் கிளாஸுக்குக் காசு கேட்பாரோ என்று பார்த்தேன். கேட்கவில்லை.

பிறகு விரதம் வந்தது. அதோடு சுவரொட்டி நின்றது, சிகரெட் நின்றது, ஆனால் சாக்கு நிற்கவில்லை.

"விரதத்துல இருக்கேன் அக்கா. ஊசில முட்டை இருக்காம்."

"அது வேற ஊசிடா. இதுல முட்டை கிடையாது. ஃபோன் பண்ணிக் கேட்டேன்."

"வேற எதாவது இருக்கும்."

"வேற என்ன இருக்கும், சுவரொட்டியா?"

அவன் கோலத்தைப் பார்க்க வேண்டுமே. நெற்றியில் பட்டையாக விபூதி, வெறும் தரையில் பாய், மஞ்சள் வேட்டி. விரதத்தில் இருக்கிறவனைத் திட்டக் கூடாது என்று அவன் மனைவி கண்ணால் காட்டினாள். நான் விரதத்தில் இல்லை. திட்டினேன்.

கடைசியில் நான் அலகு மாமாவிடம் போனேன். அவர் பகலில் ஏர்கான் ரிப்பேர் செய்கிறவர், தைப்பூசத்தில் அலகு குத்துகிறவர். தம்பிக்குக் கன்னத்தில் முதல் வேல் குத்தியவரே அவர்தான். இந்தக் காவடிக் கூட்டத்தில் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். என் திட்டம் எளிமையானது. தடுப்பூசி போடாதவனுக்கு நான் குத்தமாட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னால் கேட்காதவன் அவர் சொன்னால் கேட்பான்.

அவர் ஒரு வீட்டின் பின்னால் ஏணிமேல் நின்று ஏர்கானைக் கழுவிக்கொண்டிருந்தார். கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுக்குத் தண்ணீர் என் செருப்பில் சொட்டியது.

"மண்ணீரல் எங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"எடப்பக்கம், விலாவுக்குக் கீழ."

"நான் குத்துறது கன்னத்துல. அதுக்கும் இதுக்கும் என்னாம்மா?"

"மாமா, கிருமி உள்ள போச்சுன்னா பிடிக்க ஆளு இல்ல. அதான் விஷயம்."

"முருகன் பாத்துப்பாருலா."

"முருகன் பாத்துட்டுத்தான் இருந்தாரு, ஜூருல."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஏணியிலிருந்து இறங்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, "அவன் வரமாட்டேன்னு ஏன் சொல்றான், கேட்டியா?" என்றார்.

"ஆயிரம் சாக்கு சொல்றான்."

"சாக்கு இல்லம்மா. ஏன்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை. கத்தியதுதான். அதை அவரிடம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

"காவடிக்கு எத்தனை பேரு அவன் கூட நடக்குறோம்?" என்றார். "முன்னாடி ஒரு கூட்டம், பின்னாடி ஒரு கூட்டம். வேல் வேல்னு சத்தம், உறுமி. ஊசிய நான் கையில எடுக்குறப்ப அவன் தோள்ல நாலு கை இருக்கும். நீ அவனைத் தனியா வா, தனியா உக்காரு, தனியா கையக் காட்டுங்கிற."

"நான் இருக்கேனே கூட."

"நீ கூட இருந்தா உறுமி தேவையில்லதான்" என்றார். அது பாராட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

பிறகு அவர் ஒரு முடிவு சொன்னார். எல்லோரும் போவோம். தானும் வருவார். ஊசியைத் தானே பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால் தம்பி போட்டுக்கொள்வான்.

ஊசியை ஏர்கான் ரிப்பேர்காரர் பார்த்துச் சரி சொல்ல வேண்டுமாம். ஆனால் எனக்கு வேறு வழியில்லை. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊசி போட்டவுடன் வேலை செய்யாது, உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கற்றுக்கொள்ள இரண்டு வாரமாவது வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு தண்ணீர்மலைக் கூட்டம். இருமுகிறவன், பாடுகிறவன், தண்ணீர்ப் பந்தலில் ஒரே குவளையில் மோர் குடிக்கிறவன், எல்லோர் நடுவிலும் மண்ணீரல் இல்லாத என் தம்பி.

அடுத்த சனிக்கிழமை வேனில் ஏறினார்கள். தம்பி, அவன் மனைவி, அலகு மாமா, காவடியைத் தூக்கிக் கட்டுகிற இரண்டு கூட்டாளிகள். என் வேன் சீட்டுகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை. பெரிய பெரிய ஆண்கள் முழங்காலைத் தாடைக்குக் கீழே மடக்கி, ஜன்னலில் ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்து பாலத்தைக் கடந்தார்கள். ஒரு கூட்டாளி ஃபோனில் உறுமிச் சத்தத்தைப் போட்டான். நான் பெல்ட் போடச் சொன்னேன். எல்லோரும் போட்டார்கள். என் வேனில் அந்த ஒழுங்கு உண்டு.

கிளினிக் வாசலில் நிறுத்த இடமில்லை. உள்ளே போனால் உட்காரவும் இடமில்லை. வெள்ளைத் துணியில் மலாய்க்கார மக்சிக்குகளும் பக்சிக்குகளும், நம் அத்தை மாமா மாதிரி வயசானவர்கள், நாற்காலி முழுக்க. எல்லோர் கழுத்திலும் ஒரே நிற அட்டை. உம்ரா யாத்திரைக்குப் போகிற கூட்டம். மக்காவுக்குப் போக இந்த ஊசி போட்டிருக்க வேண்டும், அதனால் குழுவாக வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கைவசம் இல்லாத ஊசி இங்கே ஏன் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் நுழைந்ததும் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள் வேட்டியில் ஒருவன், நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர், பின்னால் இரண்டு தடியர்கள், ஃபோனில் இன்னும் நிறுத்தாத உறுமி. நான் அதைப் பிடுங்கி நிறுத்தினேன்.

ஒரு குண்டு மக்சிக் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தம்பியை உட்காரச் சொன்னார். பார்த்தவுடன் அவருக்கு இவனைப் பிடித்துவிட்டது. எனக்கு அது ஒருநாளும் புரிந்ததில்லை, எல்லோருக்கும் இவனைப் பிடிக்கும்.

"நீயும் எங்கேயாவது யாத்திரையா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமா மக்சிக். தைப்பூசம்."

"தூரமா?"

"தண்ணீர்மலை. இங்கேயிருந்து காடியில் ஏறினால் பத்து நிமிஷம்."

மக்சிக் சிரித்து, "எங்களுக்கு விமானம்" என்றார். "படி ஏறணுமா?"

"நிறைய."

"எங்களுக்கும் நடை நிறைய. முழங்கால்தான் எனக்குப் பயம். ஊசி பயமில்லை. உனக்கு?"

நான் சுவரோரம் நின்றிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு நாளும் சொல்லாததை முன்பின் தெரியாத அந்த மக்சிக்கிடம், பசாரில் மீன் விலை சொல்கிற மாதிரிச் சொன்னான். ஊசி வலிக்கும் என்று பயமில்லையாம். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பக்கத்தில் யாருமே இல்லையாம். பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது. கை கால் அசையவில்லை. தொண்டையில் குழாய். யாரோ முகமூடி போட்டவர் வந்து கையில் ஊசி போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாராம். செத்துவிட்டோமோ, இது அதற்கப்புறம் நடப்பதோ என்று நினைத்தானாம். அன்றிலிருந்து அந்த மருந்து வாசம் வந்தாலே கால் திரும்பி வீட்டுக்கு நடக்கிறதாம்.

மக்சிக் தலையை ஆட்டினார். பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்தார். "அதனாலதான் கூட்டமா வரணும்" என்றார். "விரதத்துல இதச் சாப்பிடலாமா?" அவன் கவரைத் திருப்பித் திருப்பிப் படித்து, சாப்பிடலாம் என்று வாயில் போட்டுக்கொண்டான்.

நான் வெளியே போய் வேன் டயரைப் பார்த்துவிட்டு வந்தேன். டயருக்கு ஒன்றுமில்லை.

அவன் பெயரைக் கூப்பிட்டதும் ஆறு பேரும் எழுந்தோம். நர்ஸ் ஒரு ஆள்தான் என்றாள். பிறகு அலகு மாமாவின் முகத்தைப் பார்த்து இரண்டு என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் உள்ளே போனோம்.

டாக்டர் நம் ஆள், சின்னப் பெண். கூட்டத்தைப் பார்த்து, "கல்யாணத்துக்கு வந்தீங்களா, ஊசிக்கு வந்தீங்களா?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படித்தார். வயிற்றுத் தையலைப் பார்த்தார். சாப்பாடு எப்படி என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "மண்ணீரலுக்குப் பதிலா ஆட்டு மண்ணீரல் சாப்பிட்டாரு டாக்டர், ஒரு மாசம்" என்றேன்.

டாக்டர் தம்பியின் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"ரத்தம் ஊறும்னு சொன்னாங்க டாக்டர்" என்றாள்.

"ரத்தம் ஊறும்மா. இரும்புச்சத்து இருக்கு. ஆனா அது குழம்புல வெந்த மண்ணீரல். உள்ள போய் எழுந்து உக்காந்து வேலை பாக்காது." பிறகு தம்பியிடம் திரும்பினார். "மண்ணீரல்னா ரத்தத்துல வர்ற திருடனைப் பிடிக்கிற போலீஸ் ஸ்டேஷன்னு வச்சுக்குங்க. உங்க ஊர்ல அந்த ஸ்டேஷன இடிச்சாச்சு. இப்ப நான் போடப்போறது திருடனோட போட்டோ. ஊர் முழுக்க ஒட்டிட்டா தெருவுல நிக்கிற மத்த போலீஸ்காரனாவது பாத்தவுடனே கண்டுபிடிப்பான்."

"அப்ப திருடன் வந்தா பிரச்சினை இல்ல" என்றான் தம்பி.

"இருக்கு. எல்லாத் திருடனோட போட்டோவும் இதுல இல்ல. அதனால காய்ச்சல் வந்தா ஊசி போட்டாச்சேன்னு வீட்ல படுக்கக் கூடாது. ரெண்டு மாசத்துல இன்னொரு ஊசி இருக்கு, அப்புறம் சில வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். போட்டோ மங்கிப் போகும்."

அலகு மாமா முன்னால் வந்தார். "ஊசியைப் பாக்கலாமா டாக்டர்?"

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தட்டை நீட்டினாள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இடது பக்கம், வலது பக்கம். நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஏமாற்றம்.

"இவ்ளோதானா?" என்றார்.

நர்ஸ் தம்பியின் கையைப் பஞ்சால் துடைத்தாள். மாமா மடியிலிருந்து விபூதியை எடுத்து, துடைத்த இடத்திலேயே மூன்று விரலால் பட்டையாகப் பூசினார். அலகு குத்துகிற இடத்தில் விபூதி பூசாமல் அவர் ஊசியை நெருங்கவிட்டதே இல்லை. நர்ஸ் அதைப் பார்த்தாள். இன்னொரு பஞ்சு எடுத்துத் துடைத்தாள். மாமா மறுபடி பூசினார். அவள் மறுபடி துடைத்தாள்.  ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சுத்தமாகச் செய்துகொண்டிருந்தார்கள். தம்பியின் கை நடுவில் ஒரு சுவர் மாதிரி, ஒருவர் சுண்ணாம்பு அடிக்க ஒருவர் கழுவ.

மூன்றாவது முறை மாமாவின் கை போகும்போது நான் கத்தினேன். வெளியே உம்ரா கூட்டம் அமைதியானது கேட்டது.

"பக்சிக்," என்றாள் நர்ஸ் பொறுமையாக மலாயில், "அந்தக் கையில் பூசுங்க. இந்தக் கை எனக்கு."

மாமா யோசித்தார். அதில் அவருக்கு ஒரு நியாயம் தெரிந்தது. இடது கையில் நிறையப் பூசினார். வலது கை நர்ஸுக்கு. தம்பியின் தோளில் கூட்டாளிகள் இரண்டு பேரும் கை வைத்தார்கள். அவன் மனைவி அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை, அவன் காலை என் காலால் மிதித்துக்கொண்டு நின்றேன். ஒரு கூட்டாளி மெதுவாக, கிளினிக் என்பதால் வாய்க்குள்ளேயே, "வேல் வேல்" என்றான். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். நர்ஸ் ஊசியைப் போட்டாள்.

"முடிஞ்சது" என்றாள்.

தம்பி கண்ணைத் திறந்தான். "காலை எடு அக்கா" என்றான். "அதுதான் வலிக்குது."

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்று சொன்னார், அதுதான் பெரிய அடி. இந்த வருஷம் அலகு கூடாது. தோலைக் குத்தினால் கிருமிக்குக் கதவைத் திறந்துவைத்த மாதிரி, தடுப்பூசி எல்லாக் கிருமிக்கும் இல்லை. காவடிப் பாரமும் தூக்கக் கூடாது, வயிற்றுத் தையல் உள்ளே இன்னும் முழுதாக ஆறவில்லை. தம்பியின் முகம் இறங்கியது. வேண்டுதல் என்னாவது?

திரும்பும்போது வேனில் யாரும் உறுமி போடவில்லை. பாலத்தின் நடுவில் அவன் மனைவி மெதுவாக வாயைத் திறந்தாள். "அண்ணி, நான் ஐசியூ வாசல்ல அலகு காவடின்னு சொல்லல. காவடின்னு மட்டும்தான் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"வெறும் காவடியா?" என்றார் மாமா பின் சீட்டிலிருந்து.

"வெறும் காவடிதான் மாமா."

"அப்ப பால் காவடி. சின்னதா, சொம்புல பால், தோள்ல வச்சா பாரமே தெரியாது. அதுவும் காவடிதான்." முன் சீட்டுப் பக்கம் சாய்ந்து, "முருகன் கணக்குல குறையாது" என்றார்.

சுவரொட்டி வாங்கியவள்தான். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் கோர்ட்டில் வாதாடுகிறவள் மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து நான் அவளைக் குறைத்துத் திட்டுகிறேன்.

தைப்பூசத்தன்று அவன் பால் காவடியோடு மலை ஏறினான். வெள்ளைக்காரன் ஒருவனும் படம் எடுக்கவில்லை. பந்தல் பந்தலாக நிறுத்தி, அவனுடைய சொந்தக் குவளையில் நான் மோர் ஊற்றினேன். அந்தக் குவளையைக் கயிற்றில் கட்டி என் கழுத்திலேயே மாட்டியிருந்தேன். அடுத்தவன் வாங்க வந்தால் முறைத்தேன். அலகு மாமாவுக்கு அன்று வேறு பத்து கன்னங்கள் இருந்தன. எல்லாவற்றையும் குத்தி முடித்துவிட்டுத் தம்பிக்குப் பின்னால் ஓடிவந்து தோளில் கை வைத்தார்.

இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. அதற்கும் கூட்டமாகத்தான் போனோம்.

போன மாதம் மத்தியானம், பிள்ளைகளை ஏற்ற ஸ்கூல் வாசலில் நின்றபோது தம்பியிடமிருந்து ஃபோன்.

"அக்கா, காய்ச்சல்."

என் கை தானாக வேன் சாவிக்குப் போனது. "எங்க இருக்க? படுத்திருந்தீன்னா வந்து கொன்னுடுவேன். கிளம்பு, ஆஸ்பத்திரி..."

"ஆஸ்பத்திரிலதான் இருக்கேன். உடம்பு சுட்டவுடனே வந்துட்டேன். ரத்தம் எடுத்தாச்சு, மருந்து ஏறுது."

"யாரு கூட?"

"மாமா மோட்டார்ல கொண்டாந்தாரு. அவ வந்துட்டா. நம்ம காவடிப் பசங்களும் வந்துட்டானுங்க. மாமாவே நர்ஸ்கிட்ட போய், எந்தக் கை உங்களுக்குன்னு கேட்டாரு."

பிள்ளைகளை ஒவ்வொருவராக வீட்டில் இறக்கினேன். அன்று நான் கத்தவில்லை. பயந்துபோய் ஒரு பிள்ளை, "ஆன்ட்டி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது. பாலத்தில் எவ்வளவு வேகமாகப் போனேன் என்று எழுதமாட்டேன், லைசென்ஸ் இருக்கிறது.

போய்ப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். சாதாரண வைரஸ் காய்ச்சல்தானாம், ஆனாலும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இருக்கட்டும் என்று வைத்திருந்தார்கள். வந்தது சரிதான், இப்படித்தான் உடனே வர வேண்டும் என்று டாக்டர் பாராட்டிவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வேல் குத்திக்கொண்ட பெருமை.

"நான் வர்றதுக்குள்ள உனக்கென்னடா அவ்ளோ அவசரம்?" என்றேன்.

"நீதானே சொன்ன, நிக்காம போன்னு."

"சொன்னேன். சொன்னதையெல்லாம் நீயே செஞ்சிட்டா நான் எதுக்கு?"

அவன் சிரித்தான். உட்காரலாம் என்று பார்த்தேன். இருந்த ஒரு நாற்காலியில் மாமா. கட்டிலின் ஓரத்தில் அவன் மனைவி. கூட்டாளிகள் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். நர்ஸ் வந்து, பார்க்கிற நேரம் முடிந்தது, ஒரு ஆள் மட்டும் இருக்கலாம் என்றாள். நாங்கள் ஐந்து பேரும் அவளைப் பார்த்தோம்.

நான் வாயைத் திறக்கப் போனேன். மாமா என் கையைப் பிடித்து, "மெதுவா பேசும்மா" என்றார்.

மெதுவாகவே பேசினேன். நர்ஸ் அரைமணி நேரம் கூடுதலாகக் கொடுத்தாள்.